பதவி நீங்கிய பின் எழுந்த குரல்

அரசு கட்டிலில் அமர்ந்தோரின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் அக்கட்டிலினின்றும் இறங்கிய நாளோடு தம் ஏட்டையும் மூடிவிடுதல் வழக்கம். அதன் பின் நிகழ்வனவெல்லாம் ஒரு பந்திக்குள் அடங்கிவிடும். சொந்த ஊருக்குத் திரும்பினார்; நினைவுக் குறிப்புக்கள் எழுதினார்; இன்ன ஆண்டில் காலமானார் என்பதோடு அத்தியாயம் முடிவுறும். வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் எமக்கும் இவ்வழக்கம் புதிதன்று. ஆயினும் சில மனிதர் உளர். அவர்தம் வாழ்வில் நாம் நின்று கற்க வேண்டிய பகுதி பதவி நீங்கிய பின்னரே தொடங்குகின்றது. அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

அவர் ஐக்கிய அமெரிக்காவின் ஆறாவது ஜனாதிபதியாகிய ஜோன் குவின்சி அடம்ஸ். 1825 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரை நான்கு ஆண்டுகள் அவர் அந்நாட்டின் தலைமைப் பதவியை வகித்தார். பின்னர் 1831 முதல் 1848 இல் உயிர் நீங்கும் வரை, ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள், பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்திருந்தார். ஜனாதிபதியாயிருந்த எவரும் அவருக்கு முன்னர் அச்சபைக்குச் சென்றதில்லை, பின்னரும் சென்றதில்லை. அந்த நான்கு ஆண்டுகளை இன்று நினைவுகூர்வார் சிலர். அந்தப் பதினேழு ஆண்டுகளோ அமெரிக்க மக்களின் மனச்சான்றின் வரலாற்றில் ஒரு தனி இடத்தைப் பெற்றுவிட்டன. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை ஆராய்தல் பயனுடையது.

தோல்வியும் துயரமும்

உயர் பதவிக்கென்றே வளர்க்கப்பட்டவர் அடம்ஸ் என்று கூறின் மிகையாகாது. 1767 இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவருக்குத் தந்தை, அந்நாட்டின் இரண்டாவது ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ். பதினான்காம் வயதிலேயே, ருசியாவுக்கு அனுப்பப்பட்ட தூதர் ஒருவருக்குப் பிரெஞ்சு மொழி பெயர்ப்பாளராகச் சென்றவர் அவர். பின்னர் ஒல்லாந்து, பிரசியா, ருசியா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் தாமே தூதராக விளங்கினார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் 1806 முதல் 1809 வரை சொல்லணிக்கும் நாவன்மைக்கும் பேராசிரியராக இருந்தார். எட்டு ஆண்டுகள் இராஜாங்கச் செயலாளராகப் பணிபுரிந்தார். இவ்வளவு ஆயத்தத்தோடு ஜனாதிபதி பதவிக்கு வந்தோர் மிகச் சிலரே.

ஆயினும் அவர் பதவிக்கு வந்த வழியே அவருக்குப் பகையாயிற்று. 1824 ஆம் ஆண்டுத் தேர்தலில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. அதிக வாக்குப் பெற்றவர் அன்ட்ரூ ஜக்சன் எனினும், முடிவு பிரதிநிதிகள் சபையின் கைக்கு வந்தபோது சபை அடம்ஸைத் தெரிவு செய்தது. அவருக்குத் துணை நின்ற ஹென்றி கிளே என்பார் இராஜாங்கச் செயலாளராக நியமிக்கப்பட்டதும், இது பேரம் பேசிப் பெற்ற பதவி என்ற பழி எழுந்தது. அப்பழி அவரை நான்கு ஆண்டுகளும் நிழல்போற் தொடர்ந்தது. பாதைகளும் கால்வாய்களும் அமைக்க வேண்டும், தேசியப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவ வேண்டும், வானாய்வு நிலையம் ஒன்று கட்ட வேண்டும் என்று அவர் தம் முதலாவது ஆண்டறிக்கையிற் கேட்டுக்கொண்டார். வானாய்வு நிலையங்களை வானத்துக் கலங்கரை விளக்கங்கள் என்னும் பொருள்பட அவர் வருணித்ததை எதிரணியினர் எள்ளி நகையாடினர். 1828 இல் ஜக்சனிடம் அவர் பெருந்தோல்வி அடைந்தார்.

தம்மை வென்றவர் பதவியேற்ற விழாவுக்கு அடம்ஸ் செல்லவில்லை. 1801 இல் அவருடைய தந்தையும் அவ்வாறே செல்லாதிருந்தவர். தோல்வியின் கசப்பு ஆறுமுன், அதனினும் கொடிய துயரம் வந்துற்றது. பதவி நீங்கி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1829 ஏப்ரில் இறுதி நாளில், மூத்த மகன் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்து மாண்டார். அப்போது மகனுக்கு வயது இருபத்தெட்டு. அறுபத்தோரு வயதுத் தந்தை, தம் பொது வாழ்வு முற்றும் முடிந்துவிட்டது என்றே எண்ணினார்.

கீழிறங்குதல் இழிவா?

பதவி நீங்கிய தலைவர் என்ன செய்தல் வேண்டும் என்பதற்கு அக்காலத்தில் எழுதாத விதி ஒன்று இருந்தது. ஜோர்ஜ் வாஷிங்டன் தம் பண்ணைக்குத் திரும்பினார். ஜெபர்சனும் மடிசனும் அவ்வாறே செய்தனர். தோட்டம், நூலகம், விருந்தினர், கடிதங்கள் என அவர்தம் அந்திமக் காலம் கழிந்தது. நம் பழந்தமிழ் மரபிலும் அரசைத் துறந்த வேந்தர் வடக்கிருந்ததையும் துறவு பூண்டதையும் அறிவோம். முடி துறந்தவன் மீண்டும் படை வரிசையில் ஒரு வீரனாக வந்து நின்றான் என்ற கதை அங்கும் அரிது, இங்கும் அரிது.

1830 ஆம் ஆண்டில் குவின்சிப் பகுதியைச் சேர்ந்த சில அன்பர்கள், பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடுமாறு அடம்ஸை வேண்டினர். முன்னாள் ஜனாதிபதி ஒருவர் இவ்வாறு கீழிறங்குதல் தகுமா என்ற ஐயமும் அப்போதே எழுந்தது. அதற்கு அவர் அளித்த மறுமொழி எளிமையானது. மக்களின் பிரதிநிதியாகப் பணிபுரிவதால் எவருக்கும் இழிவு நேராது. தம் ஊரவர் ஊர்ச் சபைக்குத் தெரிவு செய்தாலும் அதுவும் இழிவன்று என்பதே அவர் கருத்து. ஆனால் வாக்குக் கேட்டு வீடு வீடாகச் செல்ல மாட்டேன் என்றும் கூறிவிட்டார். மனைவி லூயிசாவுக்கும் இளைய மகன் சாள்ஸ் பிரான்சிசுக்கும் இம்முடிவு பிடிக்கவில்லை. இருந்தும் பெருந்தொகையான வாக்குகளால் அவர் தெரிவானார். ஜனாதிபதியாகத் தெரிவானபோது அடைந்ததைக் காட்டிலும் பெருமகிழ்வு இதனால் அடைந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

இவ்விடத்தில் நம் நாட்டு நிலையும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஜனாதிபதி பதவியை வகித்து நீங்கிய பின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானோர் இங்கும் உளர். 2015 இல் மகிந்த ராஜபக்சவும் 2020 இல் மைத்திரிபால சிறிசேனவும் அவ்வாறு தெரிவாயினர். ஆகவே, முன்னாள் தலைவர் மக்கள் மன்றத்துக்கு மீளலாமா என்பது எமக்கு ஏட்டளவான வினா அன்று. மீள்பவர் அங்கே எதற்காக எழுந்து நிற்கின்றார் என்பதே நான் கேட்க விரும்பும் வினா. அடம்ஸின் வாழ்வு அவ்வினாவுக்கு விடை தருகின்றது.

மகஜர்களின் காவலர்

'மகஜர்' என்ற சொல் நம்மவருக்கு மிகப் பழக்கமானது. பாதையைச் செப்பனிடுமாறும், பாடசாலைக்குக் கட்டடம் தருமாறும், ஆசிரியர் இடமாற்றத்தை நிறுத்துமாறும் ஊரவர் ஒப்பமிட்டு அனுப்பும் அந்தத் தாளுக்குள் எத்தனை பேருடைய நம்பிக்கை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது என்பதை, கையொப்பம் சேர்க்கப் படலை படலையாகச் சென்றோர் அறிவர். அதிகாரம் இல்லாதவனுக்கு அதிகாரத்தோடு பேச எஞ்சியிருக்கும் வழி அது. 1791 இல் அமெரிக்க அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம், குறை தீர்க்குமாறு அரசை வேண்டும் உரிமையைக் குடிமக்களுக்கு உறுதி செய்தது.

1831 திசெம்பர் 12 ஆம் நாள், சபைக்கு வந்து ஒரு வாரமேயான அடம்ஸ் எழுந்து பதினைந்து மகஜர்களைச் சமர்ப்பித்தார். அவை பென்சில்வேனிய மாநிலத்தாரால் அனுப்பப்பட்டவை. தலைநகர் அமைந்த கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையையும் அடிமை வாணிகத்தையும் ஒழிக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். இதிற் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அம்மாவட்டத்தில் அடிமை முறையை உடனே ஒழித்தலைத் தாம் ஆதரிக்கவில்லை என்று அன்றே அவர் கூறினார். வேண்டுகோளை ஏற்காத ஒருவர் அதனைச் சபையிற் சேர்ப்பித்தது ஏன்? மக்கள் அனுப்பியதைச் சபையின் காதுக்கு எட்டச் செய்தல் பிரதிநிதியின் கடமை என்று அவர் நம்பினார். அவருடைய பெரும்போர் இந்தச் சிறு கடமையுணர்விலிருந்தே பிறந்தது.

1833 இல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் தோன்றியது. நகரந்தோறும் கிராமந்தோறும் மகஜர்களிற் கையொப்பம் சேர்க்கப்பட்டது. வாக்குரிமை அற்றிருந்த பெண்களே இப்பணியில் முன்னணியில் நின்றனர். மகஜர்கள் கட்டுக் கட்டாக வாஷிங்டன் நகரை அடைந்தன. கையொப்பங்கள் இலட்சக் கணக்கிற் பெருகின. அடிமைகளைச் சொத்தாகக் கொண்டிருந்த தென் மாநிலப் பிரதிநிதிகள் சினமுற்றனர். 1836 மே 26 ஆம் நாள், 117 வாக்குகளுக்கு எதிராக 68 வாக்குகளே இருந்த நிலையில், சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அடிமை முறை பற்றிய மகஜர் எதுவாயினும் அச்சிடப்படாமல், எக்குழுவுக்கும் அனுப்பப்படாமல், மேசையிற் கிடத்தப்பட வேண்டும் என்பதே அத்தீர்மானம். தமிழில் இதனை வாய்ப்பூட்டு விதி என்றே அழைத்தல் பொருந்தும். வாக்கெடுப்பில் அடம்ஸின் பெயர் கூப்பிடப்பட்டபோது, ஆம் என்றோ இல்லை என்றோ கூறாது, இத்தீர்மானம் அரசியலமைப்புக்கும் சபை விதிகளுக்கும் தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களின் உரிமைக்கும் நேர் விரோதமானது என்று உரத்து முழங்கினார்.

எட்டாண்டுப் போர்

அன்று தொடங்கிய போர் எட்டு ஆண்டுகள் நீடித்தது. விதி கூட்டத்தொடர்தோறும் புதுப்பிக்கப்பட்டது. 1840 இல், அத்தகைய மகஜர்களை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்னும் நிலையான விதியாக இறுகியது. அடம்ஸோ சளைக்கவில்லை. சபை விதிகளை அவரைவிட நன்கு கற்றோர் அங்கில்லை. மகஜரைச் சமர்ப்பிக்க முடியாதவிடத்து, அது விதிக்குள் அடங்குமா என்று ஐயம் கேட்பார்; கேட்கும் சாக்கில் அதன் உள்ளடக்கத்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

1837 பெப்ரவரி 6 ஆம் நாள் நிகழ்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். தம்மை அடிமைகள் என்று கூறும் இருபத்திரண்டு பேரின் மகஜர் ஒன்று தம் கையில் இருப்பதாகவும், அது விதிக்குட்பட்டதா என்றும் அவர் சபாநாயகரைக் கேட்டார். சபை கொந்தளித்தது. அடிமைக்கும் மகஜரா என்று கூச்சலிட்டனர். அவரைக் கண்டிக்க வேண்டும் என்றும் வெளியேற்ற வேண்டும் என்றும் பிரேரணைகள் எழுந்தன. எல்லோரும் பேசிக் களைத்த பின்னர், அம்மகஜர் அடிமை முறையை ஒழிக்குமாறு கேட்கவில்லை என்றும் அதற்கு மாறானதையே கேட்கின்றது என்றும் அவர் அமைதியாக வெளிப்படுத்தினார். கண்டனம் தோற்றது. ஆயினும் அடிமைகளுக்கு மகஜர் அனுப்பும் உரிமை இல்லை என்று சபை பெரும்பான்மையால் தீர்மானித்தது. தாழ்ந்தவரிலும் தாழ்ந்தவர் வேண்டுதல் செய்யும் உரிமையை எந்த அரசு மறுக்க முடியும் என்ற அவருடைய வாதம் அன்று எடுபடவில்லை.

1838 ஆம் ஆண்டு கோடையில், பெண்கள் அரசியல் மகஜர்களில் ஒப்பமிடுதல் அவர்தம் குலத்துக்கே இழுக்கு என்னும் கருத்துப்பட மேரிலாந்து மாநில உறுப்பினர் ஒருவர் பேசினார். அடம்ஸ் விடவில்லை. ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை முதல் வாரம் வரை, நாள்தோறும் கிடைத்த சிறு நேரத்தைப் பயன்படுத்தி, தொடர்ந்து உரையாற்றினார். விவிலியத்தின் தெபோராளையும் எஸ்தரையும் அவர் சபைமுன் கொணர்ந்து நிறுத்தினார். தம் மக்களுக்காக அரசனிடம் மன்றாடிய எஸ்தர் செய்தது இழுக்கா என்று கேட்டார். பேராசிரியராக நாவன்மை கற்பித்தவரின் சொல், முதுமையில் இவ்வாறு தக்க பயனைக் கண்டது.

மிகப் பெரிய சோதனை 1842 சனவரியில் வந்தது. மசாச்சுசெற்சின் ஹேவ்ரில் என்னும் ஊரைச் சேர்ந்த நாற்பத்தாறு பேர், மாநிலங்களின் ஒன்றியத்தை அமைதியான முறையிற் கலைத்துவிடுமாறு வேண்டி ஒரு மகஜர் அனுப்பியிருந்தனர். அடம்ஸ் அதனைச் சமர்ப்பித்து, அவ்வேண்டுகோளை ஏன் ஏற்கலாகாது என்று காரணங் காட்டும்படி ஒரு குழுவைப் பணிக்குமாறும் கேட்டார். எதிரிகள் இதுவே தருணம் என்று பாய்ந்தனர். முன்னாள் ஜனாதிபதியைத் தேசத் துரோகத்துக்குத் துணை போனவராகக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. எழுபத்து நான்கு வயது முதியவர், குற்றவாளியைப்போல் இரு வாரங்கள் தம்மைத் தாமே காத்துப் பேசினார். முதற் செயலாக, சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கப் பகுதியை வாசிக்குமாறு சபை எழுதுநரைப் பணித்தார். அடிமை ஒழிப்பாளரான தியடோர் வெல்ட் அவருக்கு வேண்டிய ஆதாரங்களை நூலகத்திலிருந்து திரட்டிக் கொடுத்தார். பெப்ரவரி 7 ஆம் நாள், 106 வாக்குகளுக்கு 93 என்ற கணக்கில், அத்தீர்மானம் கிடப்பிற் போடப்பட்டது. அன்றே அவர் மீண்டும் மகஜர்களை எடுத்துச் சமர்ப்பிக்கத் தொடங்கினார்.

இறுதியாக 1844 திசெம்பர் 3 ஆம் நாள், அவருடைய பிரேரணையின்படியே வாய்ப்பூட்டு விதி நீக்கப்பட்டது. ஆதரவு 108, எதிர்ப்பு 80. எட்டாண்டுகளில் வட மாநிலத்தவர் பலர் ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர். அடிமையின் விலங்கைக் காப்பதற்காகத் தம் வாயும் பூட்டப்படுகின்றது என்பதே அவ்வுண்மை. கறுத்த மனிதனின் துன்பம் கண்டு இரங்காத பலரும், தம் சொந்த உரிமை பறிபோவது கண்டு விழித்துக்கொண்டனர். இதனை உயர்ந்த மனிதப் பண்பு என்று நான் போற்றமாட்டேன். ஆனால் பொது வாழ்வில் மாற்றங்கள் பெரும்பாலும் இவ்வழியாகவே வருகின்றன என்பதை மறுக்கவும் இயலாது.

நீதிமன்றில் ஒரு முதியவர்

இப்போரின் நடுவே அவரைத் தேடி வந்தது அமிஸ்டாட் வழக்கு. மேற்கு ஆபிரிக்காவின் மெண்டே நாட்டிலிருந்து கடத்தப்பட்டு, சட்டவிரோதமாகக் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஐம்பத்து மூவர், 1839 இல் அமிஸ்டாட் என்ற ஸ்பானியப் பாய்க்கப்பலில் ஏற்றப்பட்டனர். செங்பே பீயே என்பாரின் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினர். தாயகம் நோக்கிச் செல்வதாக எண்ணியவர்களை, உயிரோடு விடப்பட்ட ஸ்பானியர் இரவிலே திசை மாற்றி வடக்கே செலுத்தினர். அமெரிக்கக் கடற்படையினரிடம் அகப்பட்டு அவர்கள் சிறையுற்றனர். அவர்களை ஸ்பெயினிடம் ஒப்படைத்துவிட ஜனாதிபதி வான் பியூரனின் அரசாங்கம் விரும்பியது. கீழ் நீதிமன்றம் அவர்கள் பிறப்பிற் சுதந்திரர் என்று தீர்த்தபோது, அரசாங்கமே மேன்முறையீடு செய்தது.

1840 ஒற்றோபரில், அவர்களுக்காக உழைத்த லூயிஸ் தப்பான் முதலியோர் அடம்ஸின் வீட்டுக்கு வந்து, நாட்டின் உயர் நீதிமன்றத்தில் வாதாடுமாறு வேண்டினர். அவர் தயங்கினார். வயது எழுபத்து மூன்று. அம்மன்றத்தில் அவர் தோன்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இருந்தும் ஊதியம் பெறாது அவ்வழக்கை ஏற்றார். சிறையில் ஆங்கிலம் கற்ற கலே என்ற சிறுவன், தாம் விரும்புவது விடுதலை ஒன்றையே என்று தெரிவித்து அவருக்கு ஒரு கடிதமும் எழுதினான்.

ஒன்பது நீதியரசருள் ஐவர் அடிமை முறை நிலவிய மாநிலங்களைச் சேர்ந்தவர். 1841 பெப்ரவரி 24 ஆம் நாள் நான்கரை மணி நேரம் அடம்ஸ் பேசினார். அன்றிரவு நீதியரசர் ஒருவர் காலமாகிவிடவே, வழக்கு மார்ச்சு முதலாந் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்றும் அவர் நெடுநேரம் வாதாடினார். மன்றத்தின் தூணில் மாட்டப்பட்டிருந்த சுதந்திரப் பிரகடனத்தைச் சுட்டிக் காட்டி, இவர்களுக்கு உரிய சட்டம் இதுவே என்றார். முடிவில், தாம் இளமையில் அம்மன்றத்திற் கண்ட நீதியரசர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் எங்கே என்று கேட்டு, உண்மைப் பணியாளராக அவர்கள் இறைவன் முன் ஏற்கப்பட்டிருப்பர் என்ற நம்பிக்கையோடு விடைபெற்றார். மார்ச்சு 9 ஆம் நாள் ஜோசெப் ஸ்டோரி தீர்ப்பை வாசித்தார். சிறைப்பட்டோர் விடுதலை பெற்றனர்.

அத்தீர்ப்பு அடிமை முறையைத் தொடவில்லை. ஸ்பானியச் சட்டத்தின்படியே அவர்கள் அடிமைகள் அல்லர் என்பதே அதன் அடிப்படை. அவர்களைத் தாயகம் அனுப்ப அரசாங்கம் பணம் தரவும் இல்லை. அன்பர்கள் சேர்த்த பொருளைக் கொண்டு, உயிர் தப்பி எஞ்சியிருந்தோர் அவ்வாண்டு நவம்பரிற் கப்பலேறினர். புறப்படுமுன் தம் நன்றியின் அடையாளமாக அடம்ஸுக்கு ஒரு விவிலிய நூலை அனுப்பிவைத்தனர்.

அறிவுக்கு ஓர் இல்லம்

ஆசிரியப் பெருமக்களுக்கு உவப்பளிக்கும் இன்னொரு பணியும் உண்டு. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கில அறிவியலாளர், அறிவைப் பெருக்கவும் பரப்பவும் ஒரு நிறுவனம் அமைக்குமாறு தம் செல்வத்தை அமெரிக்க நாட்டுக்கு எழுதிவைத்தார். ஐந்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட அத்தொகை வந்து சேர்ந்ததும், அதனைத் தம் விருப்பப்படி செலவிடப் பலர் முனைந்தனர். ஆர்க்கன்சாஸ் மாநிலக் கடன் பத்திரங்களில் இடப்பட்ட பெரும் பகுதி மீளாமலும் போயிற்று. சபைக் குழுவின் தலைவராக அடம்ஸ் பத்து ஆண்டுகள் போராடினார். இழந்த முதலை அரசே ஈடு செய்ய வேண்டும் என்றும், வட்டியை மட்டுமே செலவிட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1846 இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் சட்டத்தால் அமைந்தது. வானத்துக் கலங்கரை விளக்கங்கள் என்று ஒருகாலத்தில் ஏளனஞ் செய்யப்பட்டவர், 1843 நவம்பரிற் கடுங்குளிரிற் பயணஞ் செய்து சின்சினாட்டி நகர வானாய்வு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு.

ஆசனத்திலேயே முடிவு

1846 இல் மெக்சிக்கோ மீது போர் தொடுக்கப்பட்டபோது, பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து வாக்களித்தோர் பதினால்வர். அவருள் அடம்ஸும் ஒருவர். அவ்வாண்டு நவம்பரிற் பாரிசவாதம் அவரை வீழ்த்தியது. 1847 பெப்ரவரியில் அவர் தளர்ந்த நடையோடு மீண்டும் சபைக்குள் நுழைந்தபோது, பகைவர் நண்பர் என்ற வேறுபாடின்றி உறுப்பினர் யாவரும் எழுந்து நின்றனர்.

1848 பெப்ரவரி 21 ஆம் நாள், அப்போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் ஒன்று வந்தது. இல்லை என்று அவர் உரத்த குரலில் எதிர்த்தார். சற்று நேரத்தில் ஏதோ சொல்ல எழுந்தவர் தம் ஆசனத்திலே சாய்ந்தார். சபாநாயகரின் அறைக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, 23 ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். மண்ணுலகின் முடிவு இதுவே, எனக்கு நிறைவே என்னும் பொருள்பட அவருடைய இறுதிச் சொற்கள் அமைந்தன என்பர். அந்நாள்களில் அச்சபையில் முதன்முறையாக உறுப்பினராயிருந்தவர் ஆபிரகாம் லிங்கன். இறுதிக் கிரியை ஏற்பாட்டுக் குழுவில் அவர் பெயரும் இடம்பெற்றது. போர்க்காலத்தில் அடிமைகளை விடுவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று அடம்ஸ் சபையில் வாதித்திருந்தார். 1863 இல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனமும் அத்தகைய போர் அதிகாரத்தின்மீதே எழுந்தது.

எஞ்சும் வினா

அடம்ஸை ஒரு மகானாக வரைந்து காட்ட நான் விரும்பவில்லை. சினமும் கடுஞ்சொல்லும் உடையவர்; பகையை எளிதில் மறவாதவர். தம்மைத் தோற்கடித்த தென் மாநிலத்தவர் மீது கொண்ட கசப்பும் அவருடைய தீவிரத்துக்கு எரிபொருளாயிற்று என்று கூறுவோர் கூற்றிலும் உண்மை உண்டு. அதனினும் கனமான குறை ஒன்று இருக்கின்றது. அடிமை முறை நாட்டின் பெருங்களங்கம் என்று 1820 ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் எழுதியவர் அவர். எனினும் இராஜாங்கச் செயலாளராயிருந்தபோதும் ஜனாதிபதியாயிருந்தபோதும் அதனை வெளிப்படக் கூறவில்லை. 1812 ஆம் ஆண்டுப் போரிற் பிரித்தானியருடன் சென்றுவிட்ட அடிமைகளுக்காக அவர்தம் உடைமையாளருக்கு நட்டஈடு பெற்றுத்தர உழைத்தவரும் அவரே. அவருடைய ஆட்சியில், 1826 இல், 12 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை அதற்காக இணங்கப்பட்டது.

நாடு முழுவதும் செவிமடுக்கும் பதவியில் இருந்தபோது நாட்குறிப்பினுள் ஒடுங்கியிருந்த குரல், இருநூறுக்கு மேற்பட்டோருள் ஒருவராக அமர்ந்தபோது மன்றம் அதிர எழுந்தது. பதவியைக் காப்பாற்ற வேண்டிய அச்சம் அப்போது அவருக்கு இல்லை; இழப்பதற்கு உரியதை அவர் முன்னரே இழந்துவிட்டார். இவ்வாறு விளங்கிக்கொள்வது எளிது. ஆனால் அவர் மௌனமாயிருந்த ஆண்டுகளிலும் மனிதர் சந்தையில் விற்கப்பட்டனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. பிற்காலத் துணிவு முற்கால மௌனத்தை ஈடு செய்யுமா என்று என் மாணவி ஒருத்தி ஒருமுறை வகுப்பிற் கேட்டாள். செய்யாது என்றே கூறினேன். ஆயினும் முற்கால மௌனத்தையே காரணமாகக் காட்டிப் பிற்காலத்திலும் மௌனமாயிருந்துவிடும் பலரிடையே, அவ்வாறு செய்யாத ஒருவரை நாம் கற்றல் வேண்டும் என்றும் சொன்னேன்.

மசாச்சுசெற்ஸ் என்ற பெயர் யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமானதன்று. 1816 இல் இங்கு வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கி நடத்திய டானியேல் பூவர் பாதிரியார் அம்மாநிலத்திற் பிறந்தவர். அடம்ஸ் வாஷிங்டனில் மகஜர்களுக்காகப் போராடிய அதே ஆண்டுகளில், வட்டுக்கோட்டையில் நம் முன்னோர் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வான நூலும் பயின்றனர். அவ்வழி வந்த கல்வியால் உருவானோர் நம்முட் பலர் உளர். ஆகவே அடம்ஸின் கதையை எட்டாத நாட்டுக் கதையாக ஒதுக்க வேண்டியதில்லை.

அவருடைய நாட்குறிப்பு 1779 இல் பன்னிரண்டு வயதிலே தொடங்கி, அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டு, 14,000 பக்கங்களைக் கடந்து, இன்றும் பொஸ்டன் நகரிற் பாதுகாக்கப்பட்டிருக்கின்றது. அதில் வெற்றிகளைவிடத் தம்மைக் குறித்த அதிருப்தியே மிகுதி. தம் வாழ்வு வீணாயிற்று என்று பல தடவை எழுதிய அம்மனிதர், மறுநாட் காலை விடியுமுன் எழுந்து, ஊர் பேர் தெரியாத பெண்கள் ஒப்பமிட்டனுப்பிய மகஜர்க் கட்டை எடுத்துக்கொண்டு சபைக்குச் சென்றார். பதவியிலிருந்து ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் தலைவருக்கும் இதனைவிடத் தெளிவான பாடத்தை வரலாற்றில் நான் கண்டதில்லை.